மேஸ்திரியின் இரண்டாவது கேள்வி

வண்டி நிற்கும்போது, அதாவது ஐடிலில், எஞ்சின் அணைந்து போனால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், அவ்வளவுதான் கேட்டார்கள். திருத்தணிப் பக்கத்து மெக்கானிக் சங்கத்தார் ஆண்டு மலர் போடுகிறார்களாம். செயலாளர் தம்பி நகரியில் என் வீட்டுக்கே வந்து, "கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்டி சார் புடிச்சீங்கோ? அத்த எழுதுங்கோ" என்றார். இப்போது ஒரு ஒயரைச் சொருகினால் குற்றம் எங்கே என்று நம்பர் வந்துவிடுகிறது. நல்லதுதான். நான் ஒன்றும் அந்தக் காலமே உசத்தி என்று சொல்லுகிற ஆள் இல்லை.

ஒன்றரைப் பக்கம் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஏர் ஃபில்டர், ஸ்லோ ஜெட், பிளக், பாயிண்ட், டேப்பட் எல்லாம் வரிசையாக வந்தன. பிரேக் பூஸ்டர் என்று எழுதியதும் கை ஓடவில்லை. மூன்று நாள் அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. நான்காம் நாள் காலையில் பஸ் பிடித்து முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். போய்விட்டு வந்து முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போட்டால் போடுங்கள், போடாவிட்டால் போங்கள்.

எங்கள் வீட்டில் தறிதான். நைனா கைத்தறி, நான் இரண்டு வருஷம் பவர்லூம். அந்தத் தடதட சத்தத்தில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. திருப்பதிக்கு ஓடி வெங்கடய்யா மேஸ்திரி ஷெட்டில் சேர்ந்தேன். ஆயில் துடைத்தது, திட்டு வாங்கியது, சைலன்சரில் கை வெந்தது எல்லாம் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான், அதை விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து, நைனா வாங்கும் பேப்பரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிழை இருந்தால் செயலாளர் தம்பி திருத்திக்கொள்ளட்டும்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தெலுங்குக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வரும். வெள்ளை வேட்டியில்தான் ஷெட்டுக்கு வருவார். வேட்டியில் கறை பட்டு ஒருநாளும் நான் பார்த்ததில்லை. வண்டி வந்தவுடன் பானட்டைத் திறக்க விடமாட்டார். டிரைவரை ஸ்டூலில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். முதல் கேள்வி, "எப்போ நிக்குது?" இரண்டாவது, "நிக்கறதுக்கு முன்னாடி நீ இன்னா பண்ணே?" மூன்றாவது, "நின்னதுக்கப்பறம் இன்னா பண்ணே?" டிரைவர் எஞ்சினைக் காட்டிக் கையை நீட்டினால் கோபம் வந்துவிடும்.

"ஒரேய், எஞ்சின் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்ரா. நீ இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியாது. அத்த சொல்லு."

இரண்டாவது கேள்விதான் உயிர் என்பார். ஒரு டாக்டருடைய வண்டி சாயங்காலத்தில் மட்டும் நின்றுபோகும். நாங்கள் கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டோம். மேஸ்திரி வந்து இரண்டாவது கேள்வியைக் கேட்டார். டாக்டர் யோசித்து, "ஒண்ணும் பண்ணலியேப்பா, லைட்டு போட்டேன், அவ்ளோதான்" என்றார். டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. லைட் போட்டதும் பிளக்குக்குப் போகிற கரண்ட் குறைந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம்.

பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாடு திறந்துவிட்டது என்றார்கள். எங்கள் ஷெட்டில் அது எப்படித் தெரிந்தது என்றால், இரண்டே தினுசு கார் பார்த்த கைக்குப் பத்துத் தினுசு கார் வந்தது. திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டாக்சி வரிசை நீண்டுகொண்டே போனது. எங்கள் ஊர்ப் பையன்கள் தறியை விட்டுவிட்டு லைசென்ஸ் எடுத்தார்கள். இரண்டு வருஷம் மலை ஏறி இறங்கிக் கை பழகியதும் குவைத்துக்கு டிரைவர் விசா தேடினார்கள். திருமலை ரோட்டில் ஓட்டினவன் எங்கே வேண்டுமானாலும் ஓட்டுவான் என்று ஏஜெண்டுகளே சொல்வார்களாம்.

மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏறும்போது எரிந்த பெட்ரோலை இறங்கும்போது மிச்சம் பிடிப்பார்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மலையடியில் இருக்கிற அலிபிரி வரைக்கும் சும்மாவே உருட்டிக்கொண்டு வருவார்கள். எஞ்சின் அணைந்தால், பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டருக்குக் காற்று இழுப்பு கிடைக்காது. இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். மேஸ்திரி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார், யார் கேட்டார்கள்? ஓனர்கள் வாயால் வேண்டாம் என்பார்கள், மிச்சம் பிடிக்கிற டிரைவரைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்.

முனிரத்தினம் அதைச் செய்யமாட்டான். எங்கள் பக்கத்துப் பையன், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஊர். என்னைவிட எட்டு வயது சின்னவன். பயந்த சுபாவம். வளைவு வந்தால் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, ஊர்ந்து இறங்குவான். மற்ற டிரைவர்கள் அவனுக்கு மாட்டுவண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். மனைவி கஸ்தூரி, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்த வருஷம் அவனுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு டிரைவர் வேலை. இன்னும் இருபது நாளில் பிளேன். அதுவரை ஓனர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. திருப்பதியில் புரட்டாசி சனிக்கிழமை என்றால் தமிழ்நாட்டு ஜனம் முழுக்க அங்கேதான் இருக்கும். ஷெட் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வண்டி. காலை ஒன்பது மணிக்கு முனிரத்தினம் வந்தான். வண்டியில் சேலத்துக் குடும்பம் ஒன்று, வயசான அம்மா உட்பட ஐந்து பேர், மலைக்குப் போகக் காத்திருக்கிறார்கள்.

"அண்ணா, பிரேக்க மிதிச்சி நின்னா வண்டி ஆஃப் ஆவுதுண்ணா. ரெண்டு நாளா இப்டித்தான் பண்ணிக்கினு கீது. கொஞ்சம் பாருண்ணா."

இந்த வார்த்தையை நான் இன்று வரை மறக்கவில்லை. பிரேக்கை மிதித்து நின்றால் என்றான். என் காதில் நின்றால் என்பது மட்டும்தான் விழுந்தது. அவனை ஸ்டூலில் உட்கார வைக்கவில்லை, மூன்று கேள்வியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. நேரே பானட்டைத் தூக்கினேன். ஸ்லோ ஜெட்டைக் கழற்றி ஊதினேன், கொஞ்சம் அழுக்கு இருந்தது. ஆ, இதுதான் என்று நினைத்தேன். பிளக்கைச் சுத்தம் பண்ணினேன். எஞ்சின் அழகாக ஓடியது. ஏன் ஓடாது? பிரேக் பெடலில்தான் யார் காலும் இல்லையே!

மேஸ்திரி அந்தப் பக்கம் வேறு வண்டியில் இருந்தார். "தேவராஜு, இன்னும் எவ்ளோ சேபு? ஸ்லோவ ஏத்தி அனுப்புரா" என்று கத்தினார். சேபு என்றால் தெலுங்கில் நேரம். மூன்று கேள்வி மேஸ்திரியே அன்றைக்கு அப்படிச் சொன்னார். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஸ்குரூ டிரைவர் என் கையில் இருந்தது. ஐடில் ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுத் திருகினேன். எஞ்சின் வேகம் கூடியது. அப்படி ஏற்றிவிட்டால் சின்னச் சின்னக் குற்றமெல்லாம் வெளியே தெரியாது. காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுத்துக் கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரிதான்.

"சரியாப் போச்சா அண்ணா?" என்றான்.

"போடா, ஒண்ணும் ஆவாது" என்றேன்.

வண்டி நன்றாக மலை ஏறியது. தரிசனம் முடிந்து மறுநாள் மத்தியானம் இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் கட்டைச் சுவரில் மோதி நின்றது. அந்த வயசான அம்மாவுக்குக் கை முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. முனிரத்தினத்தின் வலது பாதம் பெடலுக்கும் நசுங்கிய தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனதாம்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி அணைத்த நிலையில் இருந்தது. எஞ்சின் ஓடவில்லை. சாவியை யார் திருப்பினார்கள் என்று எவனும் கேட்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவன், தீப்பிடித்துவிடுமோ என்று திருப்பியிருக்கலாம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போய்க் காலைக் கொடுத்தான் என்று அலிபிரி டீக்கடையில் அன்று சாயங்காலமே பேச்சு முடிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஓனர் வண்டியை எங்கள் ஷெட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் அப்பளமாகியிருந்தது, ஆனால் பூஸ்டர் இருந்த மூலை தப்பித்திருந்தது. அதைக் கழற்றினேன். ஹோஸில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டே பெடல் பக்கத்துக் கம்பியை உள்ளே தள்ளினேன். இழுப்பு நிற்கவில்லை. புஸ்ஸென்று வாய்க்குள் காற்று வந்தது. பிரித்தேன். உள்ளேயிருக்கும் ரப்பர் ஓரமாக விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலில் தூசி படிந்து பழசாக இருந்தது, மோதலில் கிழிந்ததில்லை. 

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வெளிக்காற்று எஞ்சினுக்குள் புகும். ஐடிலில் இருக்கும் எஞ்சின் அதைத் தாங்காமல் உதறி அணையும். அணைந்தால் பெடல் கல்லாகும். வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றக் கிளட்சை மிதித்திருக்கிறான், கூடவே பிரேக்கை மிதித்திருக்கிறான். கியர் நடுவில், அதாவது நியூட்ரலில் இருக்கும் அந்த நொடியில் எஞ்சின் செத்துவிட்டது. அவன் எதையும் அணைக்கவில்லை. ஒழுங்காக இறங்கியவனைத்தான் நான் கவிழ்த்திருக்கிறேன்.

ரப்பரை மேஸ்திரியிடம் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வேட்டியில் கறை படுவதை அன்றுதான் பார்த்தேன். "வாய தொறக்காதரா. பத்து பேர் இந்த ஷெட்ட நம்பி துன்றோம். நடந்தது நடந்துபோச்சு, காலு திரும்பி வரப்போவுதா?" என்றார். ரப்பரைப் பழைய சாமான் டிரம்மில் போட்டார். நான் எடுக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் முனிரத்தினத்தைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன், அது ஒன்றுதான் குறைச்சல். கஸ்தூரி கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவன் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"அண்ணா, நீ வண்டிய பிரிச்சி பாத்தியாமே! நான் ஆஃப் பண்லண்ணா. அதுவா நின்னுபோச்சு. சாமி சத்தியமா அதுவா நின்னுபோச்சு. இவகூட நம்ப மாட்டேங்குறா. நீ சொல்லுண்ணா இவ கிட்ட."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். எனக்கு வாய் வரை வந்தது. பத்துப் பேர், ஷெட், என் வீட்டில் அப்போது பிறந்திருந்த குழந்தை, எல்லாம் கண்முன்னே வந்தது. ஆனால் இதெல்லாம் சாக்குத்தான். பயம், வேறொன்றும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றேன்.

கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்ணா, நீங்க கஷ்டப்படாதீங்கோ. இருவது நாளுதான் இருந்திச்சி. அதுக்குள்ள ரெண்டு லிட்டர் பெட்ரோலு மிச்சம் புடிக்காம போனா இன்னா?" என்று அவனிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

புத்தூர் எலும்புக் கட்டுக்கும் அவனைக் கொண்டுபோனார்கள். எலும்பு கூடியது, கணுக்கால் மடங்கவில்லை. மடங்காத வலது காலை வைத்துக்கொண்டு எந்த நாட்டில் வண்டி ஓட்டுவது? விசா போனது. மறு வருஷம் அதே குவைத்துக்குக் கஸ்தூரி போனாள், வீட்டு வேலைக்கு. எங்கள் பக்கத்தில் அப்போது நிறையப் பெண்கள் அப்படிப் போனார்கள். இரண்டு வருஷம் என்று போனவள், நடுவே இரண்டு தடவை வந்து பார்த்தாள், முழுசாகத் திரும்பியது பதினாலு வருஷம் கழித்து. குழந்தை முனிரத்தினத்தின் அக்கா வீட்டில் வளர்ந்தது. கஸ்தூரி போனில் சண்டை போடும்போதெல்லாம் கடைசியில் ஒரே வார்த்தைதான் என்று அவன் அக்கா ஒருதடவை சொன்னார். "ரெண்டு லிட்டர் பெட்ரோலுக்கு என்ன இங்க வித்துட்டே."

நான் மேஸ்திரியின் ஷெட்டை விட்டுச் சித்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். சீருடை, ஏ.சி. அறை, கம்ப்யூட்டர். என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஐடிலில் நிற்கிற வண்டி வந்தால் கம்ப்யூட்டர் எந்த நம்பர் காட்டினாலும் காட்டட்டும், நானே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். பையன்கள் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மேஸ்திரி இறந்து ஆறு வருஷமாகிறது. ஷெட் இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. பத்துப் பேரில் யாரும் இப்போது அங்கே வேலை பார்க்கவில்லை. இனி யாரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

பஸ் இறங்கி நடந்தேன். முனிரத்தினம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். அப்போதுதான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். உள்ளே எட்டி, "அம்மா, நீங்க சாப்டுங்க, நான் வரேன்" என்றாள். பெற்ற தாயை விருந்தாளி மாதிரி நீங்க என்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "முனிரத்தினம், அன்னைக்கு நீ ஆஃப் பண்ல. பூஸ்டர் ரப்பர் கிழிஞ்சிருந்துச்சி. எனக்கு அப்பவே தெரியும்."

திட்டுவான், கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான்.

"வுடுண்ணா. எனக்கோசரம் இன்னாத்துக்கு இப்போ இத்த சொல்றே? நான்தான் ஆஃப் பண்ணேன். டிரைவர் பசங்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கினு இருக்கேன், என்ன மாதிரி நியூட்ரல்ல வுடாதீங்கடா, கால பாருங்கடான்னு."

அடப்பாவி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஊரே சொல்லிச் சொல்லி, கட்டினவளும் சொல்லிச் சொல்லி, அவனே நம்பிவிட்டிருக்கிறான்.  பிறகு என்ன தோன்றியதோ, அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, அந்தப் புரட்டாசி சனிக்கிழமை கேட்காததைக் கேட்டேன்.

"நிக்கறதுக்கு முன்னாடி நீ இன்னா பண்ணே?"

"இன்னா பண்ணேன்... வளைவு வந்துச்சி. ஹாரன் அடிச்சேன்."

"அப்பறம்?"

அவன் இடது கால் தானாகத் தரையில் அழுந்தியது. வலது கால் மடங்க முடியாமல் துடித்தது. கை, இல்லாத கியரைப் பிடித்தது. "கிளச்ச மிதிச்சேன். மூணுல இருந்து எடுத்தேன். பிரேக்க மிதிச்சேன்..."

"வண்டி உதறிச்சா? சாவிய திருப்பினா உதறாது, கப்புனு அடங்கிடும். நல்லா யோசன பண்ணு. உதறிச்சா?"

அவன் கை அப்படியே அந்தரத்தில் இருந்தது.

"உதறிச்சிண்ணா" என்றான். "கடகடன்னு உதறிச்சி. அந்தப் பெரியம்மா கோயிந்தான்னாங்கோ. அப்பறம்தான் நின்னுச்சி. என் கை ஸ்டீரிங்ல இருந்துச்சிண்ணா. சாவி கிட்ட போவல. போவவே இல்ல."

கஸ்தூரி கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் ஈரம். அவளுக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ரப்பர், டிரம், ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ரப்பரு கிழிஞ்சி கீதான்னு பாக்க எவ்ளோ நேரம்ணா ஆவும்?"

பொய் சொல்ல இப்போது எனக்கு எதுவும் மிச்சமில்லை. "வண்டில ஏறி உக்காந்து பிரேக்க மிதிச்சா போதும்மா. ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்" என்று திருப்பிச் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே போய்விட்டாள்.

முனிரத்தினம் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றான். கம்பை எடுக்கவில்லை. கதவைப் பார்த்துக் கத்தினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட அதே குரல்.

"நான் சொன்னேன் இல்ல கஸ்தூரி? அதுவா நின்னுபோச்சுன்னு சொன்னேன் இல்ல?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சொன்னே" என்றாள் உள்ளேயிருந்து. "நீ சொன்னே."